‘வளர விருப்பமில்லை’ என்றவர்கள் ஐம்பது வயதில் என்ன பாடினார்கள்?

கேள்வி இதுதான்: “எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கிளம்பிய பங்க் ராக் குழுக்கள் பல இன்னும் ஆல்பம் போட்டுக்கொண்டே இருக்கின்றன. பங்க் என்பதே இளைஞர்களின் இசை. ஐம்பது வயதுக்காரர்கள் போடும் பங்க் ஆல்பத்தில் கேட்பதற்கு என்ன இருக்கும்? உண்மையிலேயே நன்றாக இருக்கும் ஒன்றைச் சொல்ல முடியுமா?”

ஒன்றே ஒன்று என்றால் நான் யோசிக்காமல் சொல்வது, டிசெண்டண்ட்ஸ் என்ற அமெரிக்கப் பங்க் குழு 2016 ஜூலையில் எபிடாஃப் என்ற இசைத்தட்டு நிறுவனம் வழியாக வெளியிட்ட ‘ஹைப்பர்கஃபியம் ஸ்பாஸினேட்’. மொத்தம் 16 பாடல்கள். எல்லாம் சேர்ந்து அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். பாடியவருக்கு அப்போது 53 வயது, டிரம்ஸ் வாசித்தவருக்கு 52. ஆல்பத்தின் பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். ஆய்வுக்கூடத்துப் புட்டியில் ஒட்டியிருக்கும் வேதிப்பொருளின் பெயர் போல, காபியை மனதில் வைத்து அவர்களே கட்டிய சொல் அது. ஏன் காபி, ஏன் ஆய்வுக்கூடம் என்பதற்கெல்லாம் கதை உண்டு, வருகிறேன்.

உங்கள் சந்தேகம் நியாயமானது. 1976ல் ரமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பம் நியூயார்க்கிலிருந்து வந்தபோது, அது அன்றைய ராக் இசையின் நீளத்துக்கும் கனத்துக்கும் எதிராக வந்தது. பத்து நிமிடப் பாட்டு, அதில் பாதிக்குக் கிட்டார் தனி ஆவர்த்தனம் என்று போய்க்கொண்டிருந்த காலத்தில், இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு இறங்கினார்கள். கிட்டாரில் மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) தெரிந்தால் போதும், மேடை உனக்கும்தான் என்ற நம்பிக்கையைக் கொடுத்த இசை அது. அந்த நம்பிக்கை இருபது வயதுக்காரனுக்கு ஒரு சாவி. அதே ஆள் முப்பது வருடம் கழித்து அதே சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால், திறக்க என்ன கதவு மிச்சம் இருக்கிறது என்று கேட்கத்தான் தோன்றும்.

பெரும்பாலான குழுக்கள் இந்த இடத்தில் இரண்டு விதமாகச் சறுக்குகின்றன. சில குழுக்கள் இருபது வயதுக் கோபத்தை அப்படியே நடித்துக் காட்டும். வரிகளில் தெரு, போலீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் வரும்; பாடுகிறவருக்கோ பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். வேறு சில குழுக்கள் வேகத்தைக் குறைத்து, அக்கூஸ்டிக் கிட்டாரை எடுத்து, முதிர்ச்சி வந்துவிட்டதாக அறிவிக்கும். அது நல்ல இசையாக இருக்கலாம். ஆனால் நாம் தேடி வந்தது அதை அல்ல.

ரமோன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1995ல் வந்த ‘ஆடியோஸ் அமிகோஸ்’ அவர்களுடைய கடைசி ஸ்டுடியோ ஆல்பம். எனக்கு மிகவும் பிடித்த ஆல்பம். ஆனால் அதில் வயதைப் பற்றி நேராகப் பேசுவது, வளர்ந்து பெரியவனாக விருப்பமில்லை என்று சொல்லும் முதல் பாட்டுதான். அதையும் டாம் வெயிட்ஸ் என்ற பாடகரிடமிருந்து இரவல் வாங்கினார்கள். குழுவின் பாடகர் ஜோயி ரமோன் அந்தப் பாட்டைப் பாடும்போது குரலில் ஒரு களைப்பு தெரிகிறது. அந்தக் களைப்பைப் பற்றி அவரே ஒரு பாட்டு எழுதியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். 1996 ஆகஸ்டில் கடைசிக் கச்சேரி. 2001ல் ஜோயி போய்விட்டார்.

பேட் ரிலிஜன் என்ற குழு வேறு மாதிரி. அவர்களின் ‘தி பிராசஸ் ஆஃப் பிலீஃப்’ 2002ல் வந்தது. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரும் எபிடாஃபின் உரிமையாளருமான பிரெட் குரேவிட்ஸ் சில ஆண்டுகள் விலகியிருந்து திரும்பி வந்த ஆல்பம் அது. அருமையான ஆல்பம், சந்தேகமே இல்லை. ஆனால் அவர்களுக்கு வயது ஒரு பெரிய தடையாக இருந்ததில்லை என்றே நினைக்கிறேன். ஆரம்பத்திலிருந்தே அவர்கள் எழுதியது மதம், அறிவியல், அரசியல் பற்றி. கருத்துக்கு நரை விழுவதில்லை. இருபதில் எழுதியதை ஐம்பதில் இன்னும் தெளிவாக எழுதலாம்.

டிசெண்டண்ட்ஸுக்கு அந்த வசதி கிடையாது. அவர்கள் பாடியதெல்லாம் பசி, காதலித்த பெண் திரும்பிப் பார்க்காதது, அப்பாவின் மேல் எரிச்சல், காபி, மீன்பிடிப்பு. விடலைப் பையனின் உடம்பும் மனசும்தான் அவர்களின் மொத்தச் சரக்கு. 1985ல் வந்த அவர்களின் இரண்டாவது ஆல்பத்துக்குப் பெயரே ‘ஐ டோன்ட் வான்ட் டு குரோ அப்’. (பத்து வருடம் கழித்து ரமோன்ஸ் எடுத்துப் பாடிய பாட்டுக்கும் அதே பெயர்தான். இரண்டுக்கும் தொடர்பில்லை.) இப்படி ஒரு பெயரைத் தலையில் எழுதிக்கொண்டவர்கள் ஐம்பதைத் தொட்டால் என்ன எழுதுவார்கள்? நடிக்க முடியாது, கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அவர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. அன்றைக்கு உடம்பைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் எழுதினோம், இன்றைக்கும் அதையே எழுதுவோம், உடம்பும் வீடும் இன்று எப்படி இருக்கின்றனவோ அப்படியே எழுதுவோம் என்று முடிவு செய்தார்கள். வேகத்தை மட்டும் குறைக்கவில்லை. இந்த ஆல்பத்தின் பெருமை எல்லாம் இந்த ஒரு முடிவில் இருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே ஹெர்மோசா பீச், மேன்ஹாட்டன் பீச் என்று வரிசையாகக் கடற்கரை ஊர்கள். எழுபதுகளின் இறுதியில் பிளாக் ஃபிளாக் என்ற குழு அங்கிருந்துதான் கிளம்பியது. ஹார்ட்கோர் என்று பின்னால் பெயர் பெற்ற முரட்டு வேகப் பங்க் இசைக்கு வழி போட்டவர்கள் அவர்கள். அதே வட்டாரத்தில் ஃபிராங்க் நவெட்டா கிட்டார், டோனி லொம்பார்டோ பேஸ் (கீழ்ச் சுருதிக் கிட்டார்), பில் ஸ்டீவன்சன் டிரம்ஸ் என்று மூவர் சேர்ந்தார்கள். நவெட்டாவும் ஸ்டீவன்சனும் பள்ளிப் பையன்கள். லொம்பார்டோ அவர்களைவிட ஒரு தலைமுறை மூத்தவர், தபால் துறையில் வேலை பார்த்தவர். 1980ல் மைலோ ஆக்கர்மேன் பாட வந்தார். தடித்த கண்ணாடி போட்ட புத்தகப்புழு. பள்ளியில் ஒரு சக மாணவன் இவரைக் கேலி செய்து வரைந்த கார்ட்டூன்தான் இன்றைக்கும் குழுவின் அடையாளச் சின்னம். 2016 ஆல்பத்தின் உறையிலும் அந்தக் கண்ணாடி முகம்தான்.

1981ல் வந்த ‘ஃபேட்’ என்ற சிறு தட்டைக் கேட்டால் அவர்களின் உலகம் ஒரு சில நிமிடங்களில் புரிந்துவிடும். சாப்பாடு பிடிக்கும் என்று சொல்லும் பாட்டு ஒன்று, கால் நிமிடம் நீளம். துரித உணவுக் கடை ஜன்னலில் ஆர்டர் சொல்வதே பாட்டாக இன்னொன்று, அது 11 விநாடிதான். அப்பாவைத் திட்டும் ஒரு பாட்டும் உண்டு. மீன்பிடிக்கப் போவதும், சட்டியில் பாதி தூள் என்னும் அளவுக்குக் கெட்டியான காபியைக் குடித்துவிட்டு வாசிப்பதும் அவர்களின் வழக்கம். அந்தக் காபி வெறி அவர்களை விட்டுப் போகவே இல்லை. 1996 ஆல்பத்தில் காபிக் கோப்பைக்கென்றே 34 விநாடியில் ஒரு பாட்டு இருக்கிறது.

1982ல் வந்த முதல் முழு ஆல்பம் ‘மைலோ கோஸ் டு காலேஜ்’. பாடகர் படிப்புக்காகக் குழுவை விட்டுப் போகிறார், அதையே ஆல்பத்துக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். மெல்லிசை போன்ற மெட்டு, ஹார்ட்கோர் வேகம், மனசு உடைந்த வரிகள்: இந்தக் கலவையிலிருந்துதான் பின்னால் பாப் பங்க் என்ற பெரிய ஓடையே வந்தது. பிளிங்க்-182 போன்ற குழுக்கள் இவர்களைத் தங்கள் முன்னோடி என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆல்பத்தில் ‘சபர்பன் ஹோம்’ என்று ஒரு பாட்டு. புறநகரில் ஒரு வீடு வேண்டும், எல்லோரையும் போல வாழ வேண்டும் என்று ஒருவன் கேட்கிறான். பங்க் ரசிகர்கள் பலர் இதை நடுத்தர வர்க்கத்தின் மீதான நையாண்டி என்று எடுத்துக்கொண்டார்கள். எழுதியவர் லொம்பார்டோ. தபால் வேலையும் ஒழுங்கான வீடும் அவர் உண்மையாகவே விரும்பியவை. ஆக, வயது வந்தவனின் ஆசை இந்தக் குழுவின் முதல் ஆல்பத்திலேயே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது என்று நான் சொல்வேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஆரம்பகாலப் பாடல்கள் சிலவற்றில் ஓரினச் சேர்க்கையாளர்களையும் பெண்களையும் இழிவுபடுத்தும் சொற்கள் இருக்கின்றன. விடலைத்தனம் என்று சொல்லி அவற்றைக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. முதன்முறை கேட்கப் போகிறீர்கள் என்றால் தெரிந்துகொண்டே கேளுங்கள். 2016 ஆல்பத்தில் அந்தக் கசப்பு அறவே இல்லை. அதுவும் அதை நான் பரிந்துரைக்க ஒரு காரணம்.

அப்புறம் மைலோவின் கதை. பட்டப்படிப்போடு அவர் நிற்கவில்லை. சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கினார், விஸ்கான்சினில் மேலாய்வு செய்தார், பிறகு டெலவேர் மாநிலத்தில் டியூபாண்ட் நிறுவனத்தில் தாவர ஆராய்ச்சியாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். அவ்வப்போது திரும்பி வந்து பாடுவார். 1996ல் ‘எவ்ரிதிங் சக்ஸ்’, 2004ல் ‘கூல் டு பி யூ’. அவர் இல்லாத காலங்களில் மற்ற மூவரும் ‘ஆல்’ என்ற பெயரில் வேறு பாடகர்களை வைத்து நடத்தினார்கள். அந்த மூவரில் கிட்டார் ஸ்டீஃபன் எகர்டனும் பேஸ் கார்ல் அல்வாரெஸும் சால்ட் லேக் சிட்டியிலிருந்து 1986, 87 வாக்கில் வந்து சேர்ந்தவர்கள். இன்றுவரை அதே நால்வர்தான். ஆய்வுக்கூடப் பெயர் ஆல்பத்துக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

2004க்கும் 2016க்கும் இடையே 12 ஆண்டுகள். அந்த இடைவெளியில் நடந்தவை தெரியாமல் இந்த ஆல்பத்தைக் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

கார்ல் அல்வாரெஸுக்கு மாரடைப்பு வந்தது. பில் ஸ்டீவன்சனின் நிலை அதைவிட மோசம். எடை ஏறிக்கொண்டே போனது, நுரையீரல் ரத்தக்குழாயில் கட்டி அடைத்து உயிர் போகும் நிலைக்கு வந்தார். மூளையில் ஒரு பெரிய கட்டி வளர்ந்திருப்பதும் தெரியவந்தது. புற்றுநோய்க் கட்டி அல்ல என்றாலும், அது அவரை உள்ளுக்குள்ளிருந்தே மெல்ல மங்கச் செய்துகொண்டிருந்தது. டிரம்ஸ் வாசிக்கும் ஆசை, பாட்டு எழுதும் ஆசை எல்லாம் வற்றிப்போயிருந்தன. 2010ல் அறுவைச் சிகிச்சை செய்து அதை எடுத்தார்கள். எடுத்த பிறகு பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார். இந்தக் குழுவைப் பற்றி 2013ல் வந்த ‘ஃபில்மேஜ்’ என்ற ஆவணப்படத்தில் இதையெல்லாம் அவரே சொல்கிறார். அந்தப் பகுதியை நான் இதுவரை மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் தொண்டை அடைத்துக்கொண்டது. அதே 2010 நவம்பரில் டெக்சாஸின் ஆஸ்டினில் நடந்த ஒரு விழாவில் நால்வரும் மேடை ஏறினார்கள். அங்கிருந்துதான் இந்த ஆல்பத்துக்கான பாதை தொடங்குகிறது.

சரி, இப்போது பாட்டுகளுக்கு வருவோம்.

முதலில் ‘நோ ஃபேட் பர்கர்’. ஒரு நிமிடம்கூட ஓடாது. 1981ல் சாப்பாடு பிடிக்கும் என்று கத்திய அதே குழு, இப்போது மருத்துவர் எதையெல்லாம் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார் என்று பட்டியல் போடுகிறது. ஃபேட்பர்கர் லாஸ் ஏஞ்சலிஸ்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த பர்கர் கடை. கேட்டவுடன் சிரிப்பு வரும். அதே கத்தல், அதே வேகம். ஆனால் வாசிக்கிற ஒருவருக்கு மாரடைப்பு வந்திருக்கிறது, இன்னொருவர் சாவின் வாசல் வரை போய்வந்திருக்கிறார் என்று தெரிந்த பின் கேளுங்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவமனைப் படியில் உட்கார்ந்த யாருக்கும் அந்த அரை நிமிடம் புரியும். 35 வருடம் இடைவெளி விட்டு, அதே பொருளில், சின்னச் சின்னதாக இரண்டு பாட்டு. பங்க் இசையில் வயதாவதைப் பற்றி இதைவிட நேர்மையாக எழுதப்பட்டதை நான் கேட்டதில்லை.

‘கம்பேக் கிட்’ ஸ்டீவன்சன் பிழைத்து எழுந்து வந்ததைப் பற்றியது. நண்பன் ஒருவன் செத்துப் பிழைத்த கதையை இன்னொரு குழு பாடியிருந்தால் வயலின் வைத்திருப்பார்கள், வேகத்தைக் குறைத்திருப்பார்கள். இங்கே அந்த நண்பனே பின்னால் உட்கார்ந்து டிரம்ஸை அடித்து நொறுக்குகிறான். தன்னைப் பற்றிய பாட்டுக்குத் தானே தாளம் போடுகிறான். வரிகளைக் கவனிக்கவே வேண்டாம், அந்தக் கைகள் இன்னும் ஓடுகின்றன என்பதே பாட்டின் பொருள்.

எனக்கு மிகவும் நெருக்கமான பாட்டு ‘லிமிட்டர்’. துறுதுறுவென்று இருக்கும் பிள்ளையை அடக்க மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கிறது. கொடுத்தால் பிள்ளை அமைதியாகிறான், ஆனால் அவனுக்குள் இருந்த அந்தப் பொறி எங்கே போனது என்று பெற்றவர் தவிக்கிறார். இந்தக் குழுவின் வரலாற்றில் வைத்துப் பாருங்கள். 1981ல் அப்பாவைத் திட்டினார்கள். 1982ல் பெற்றோரைப் பொதுவாகத் திட்டி ஒரு பாட்டு. 2004 ஆல்பத்தில் ஸ்டீவன்சன் தன் அப்பாவின் மரணத்தைப் பற்றி ‘ஒன் மோர் டே’ எழுதினார். தீராத மனத்தாங்கலும் பாசமும் ஒன்றாகக் கலந்த பாட்டு. 2016ல் அவர்களே அப்பாக்கள். தன் பிள்ளைக்கு எது நல்லது என்று தெரியாமல் நிற்கும் அப்பாக்கள். அதிலும் துறுதுறுப்பையும் காபி வெறியையுமே முதலாக வைத்து நாற்பது வருடம் இசை செய்த ஒரு குழு, பிள்ளையின் துறுதுறுப்புக்குக் கடிவாளம் போட வேண்டியிருப்பதைப் பற்றிப் பாடுகிறது. இருபது வயதில் இந்தப் பாட்டை எழுத எந்தப் பங்க் குழுவாலும் முடியாது.

‘ஃபுல் சர்க்கிள்’ பழைய லாஸ் ஏஞ்சலிஸ் பங்க் கச்சேரிகளை நினைத்துப் பார்க்கும் பாட்டு. பழைய நினைவுப் பாட்டு என்றால் எனக்குப் பொதுவாகவே பயம். இதில் அந்தக் காலம் போல வருமா என்ற புலம்பல் இல்லாததால் தப்பித்துவிட்டது. கடைசிப் பாட்டு ‘பியாண்ட் த மியூசிக்’, நால்வரும் இத்தனை வருடமாக ஒரு குடும்பமாகிவிட்டதைப் பற்றி. சொல்லப்போனால் மிகவும் நேரடியான பாட்டு, ஒளிவு மறைவே கிடையாது. முதல் தடவை கேட்டபோது கொஞ்சம் வெளிப்படையாக இருக்கிறதோ என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. மருத்துவமனையில் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தவர்கள் பூடகமாகப் பேச வேண்டிய அவசியம் என்ன?

நால்வருமே பாட்டு எழுதுகிறவர்கள் என்பது இங்கே பெரிய பலம். ஒரே ஆள் எழுதியிருந்தால் 16 பாடல்களும் ஒருவருடைய நோய்க் குறிப்பாக மாறியிருக்கும். இங்கே நான்கு வீடுகளிலிருந்து நான்கு விதமான செய்திகள் வருகின்றன. ஆல்பத்துக்கு முன்பே தனிப் பாட்டாக (சிங்கிள்) முதலில் வந்த ‘விக்டிம் ஆஃப் மீ’யில் தன் கெட்ட பழக்கங்களுக்குத் தானே பலியாவதாகப் பாடுகிறார்கள். கோபம் இருக்கிறது, அது வெளியே யார் மேலும் போகவில்லை. ‘வித்தவுட் லவ்’ சுத்தமான பாப் பாட்டு. ஆல்பத்தில் முதல் தடவையிலேயே வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு அதுதான்.

வாசிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் பங்க் ராக் முதலில் உடம்பு சம்பந்தப்பட்ட வேலை. இந்த வேகத்தில் டிரம்ஸ் வாசிப்பது மணிக்கட்டையும் தோளையும் மூச்சையும் பிழிந்தெடுக்கும். கிட்டாரிலும் கம்பிகளை மேலிருந்து கீழாகவே இடைவிடாமல் அடிக்கும் முறை, அரை மணி நேரத்தில் முன்கையை மரத்துப்போகச் செய்துவிடும். ஸ்டீவன்சனின் தனித்தன்மை, தாளத்தை ஒரு மயிரிழை முன்னாலேயே வைப்பது. பாட்டு எப்போதும் முன்னால் சாய்ந்து ஓடிக்கொண்டிருப்பது போன்ற உணர்வு அதிலிருந்துதான் வருகிறது. அல்வாரெஸின் பேஸ், எகர்டனின் கிட்டாரைப் பின்தொடர்வதில்லை. குரலுக்கு எதிரே இன்னொரு மெட்டாகவே ஓடும். நல்ல ஹெட்ஃபோனில் பேஸை மட்டும் கவனித்து ஒரு முறை முழு ஆல்பத்தையும் கேளுங்கள், வேறொரு ஆல்பம் கேட்ட மாதிரி இருக்கும். எகர்டன் பங்க் கிட்டாரிஸ்டுகள் தொடாத வினோதமான கார்டுகளை அந்த வேகத்துக்குள் நுழைப்பவர். எண்பதுகளின் இறுதியில் இதையே வெளிச்சம் போட்டுக் காட்டினார். இப்போது மெட்டுக்குள் ஒளித்து வைக்கிறார். மைலோவின் குரலில் கொஞ்சம் கரகரப்பு கூடியிருக்கிறது, சுருதி முன்னைவிட நன்றாக நிற்கிறது.

பதிவான விதமும் இந்த வயதுக்கே உரியது. நால்வரும் ஒரே ஊரில் இல்லை. ஆல்பத்தின் தாய்வீடு கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் இருக்கும் பிளாஸ்டிங் ரூம். 1994ல் இந்தக் குழுவினரே தொடங்கிய ஸ்டுடியோ அது. ரைஸ் அகெய்ன்ஸ்ட் போன்ற குழுக்களின் ஆல்பங்கள் அங்கேதான் உருவாயின. ஸ்டீவன்சனும் ஒலிப்பதிவாளர் ஜேசன் லிவர்மோரும் அங்கிருந்து வேலையைப் பார்த்தார்கள். எகர்டன் ஓக்லஹோமாவின் டல்சாவில் தன் ஸ்டுடியோவில் வாசித்தார், மைலோ டெலவேரில் இருந்தபடி பாடினார். வேலை, பிள்ளைகள், வீட்டுக் கடன் எல்லாம் உள்ளவர்கள் மூன்று மாதம் ஒரே அறையில் அடைந்து கிடக்க முடியுமா?

அதனால் ஒரு குறையும் வந்திருக்கிறது. சத்தம் சற்று அதிகமாகவே சுத்தமாக இருக்கிறது. டிரம்ஸின் ஒவ்வொரு அடியும் ஒரே அளவில், ஒரே பளபளப்பில் வந்து விழுகிறது. 1982 ஆல்பத்தில் நால்வர் ஒரே அறையில் வேர்த்து விறுவிறுத்து வாசிப்பது காதில் விழும். அந்தக் காற்று இதில் இல்லை. 16 பாடல்களில் நடுவே இரண்டைக் குறைத்திருக்கலாம் என்பதும் என் எண்ணம். அங்கே சில பாட்டுகளில் எனக்குக் கவனம் கொஞ்சம் தளர்கிறது. அதன் பிறகு கடைசி மூன்று பாட்டுகள் மறுபடி தூக்கி நிறுத்திவிடுகின்றன. இவ்வளவு சொன்னாலும், அமெரிக்க ஆல்பம் தரவரிசையில் அவர்கள் அதுவரை தொடாத உயரத்தை இந்த ஆல்பம்தான் தொட்டது. குழு தொடங்கி ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து இது நடந்தது.

அதே 2016ல் மைலோவின் ஆராய்ச்சி வேலை முடிவுக்கு வந்தது. ஆல்பம் வந்த அந்த ஆண்டில்தான் அவர் முழுநேரப் பாடகர் ஆனார். 1982ல் காலேஜுக்குப் போனவர், 53 வயதில் முழுதாகத் திரும்பி வந்தார்.

எப்படிக் கேட்கலாம் என்று கேட்டால், நான் சொல்லும் வரிசை இது. முதலில் 1981ன் ‘ஃபேட்’ தட்டு. பத்து நிமிடம்கூட ஆகாது. பிறகு 1996 ஆல்பத்திலிருந்து ‘வென் ஐ கெட் ஓல்ட்’ என்ற ஒரே ஒரு பாட்டு. வயதான பிறகும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவேனா, அல்லது மற்றப் பெரியவர்களைப் போல இறுகிப் போவேனா என்று முப்பதுகளில் இருந்த ஒருவர் அதில் கவலைப்படுகிறார். அடுத்து நேராக 2016 ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை, பாட்டுகளைத் தாண்டாமல். நேரம் இருந்தால் 2021ல் வந்த ‘நைன்த் அண்ட் வால்நட்’டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1977 முதல் 1980 வரை எழுதிய அவர்களின் முதல் பாடல்களை நவெட்டாவும் லொம்பார்டோவும் ஸ்டீவன்சனும் சேர்ந்து 2002ல் வாசித்துப் பதிவு செய்தார்கள். நவெட்டா 2008ல் இறந்துவிட்டார். மைலோ 2020 ஊரடங்குக் காலத்தில் குரலைச் சேர்த்தார். பதின்ம வயதில் எழுதிய பாட்டை ஐம்பத்தேழு வயதுக் குரல் பாடுவதைக் கேட்கலாம். ஆனால் அது பழைய கடனைத் தீர்த்த ஆல்பம். புதிதாகச் சொன்ன ஆல்பம் 2016ல் வந்ததுதான்.

2023ல் மைலோவுக்கும் லேசான மாரடைப்பு வந்தது. அந்தக் கோடையில் சில கச்சேரிகளைத் தள்ளிவைத்தார்கள். உடம்பு தேறியதும் மறுபடி மேடைக்கு வந்துவிட்டார். ‘நோ ஃபேட் பர்கர்’ பாட்டை அதற்குப் பிறகு அவர் பாடும்போது, அந்தப் பட்டியல் அவருடையதும்தான்.